தீயில்லாப் புகை – 4: சாம்பல் விழாத சிகரெட்

சென்ற வாரம் ஏரியலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். ஞாபகம் இருக்கும். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் சர் சார்லஸ் எல்லிஸ் 1960-களில் காப்புரிமை வரைக்கும் கொண்டுபோன குழாய் அது. நிகோடினைச் சூடாக்கி ஆவியாகத் தரும். அது வேலை செய்யவில்லை என்பதற்காக யாரும் பூட்டவில்லை. ஜனங்கள் நிகோடினுக்காகத்தான் தம் அடிக்கிறார்கள் என்பதை ஒரு குழாயை விற்று ஊருக்கே சொல்லிவிட்டால், கடையில் தொங்கும் மற்ற சிகரெட் பாக்கெட்டுகளை என்னவென்று அழைப்பது? மருந்தா, போதைப்பொருளா? அந்தக் கேள்விக்குப் பயந்து பூட்டினார்கள்.

சாவி யார் கையில் சிக்கியது என்று கேட்டு நிறுத்தியிருந்தேன். ஊகித்து வைத்திருந்தவர்கள் மன்னிக்க. யார் கையிலும் சிக்கவில்லை. இருபது வருடம் கழித்து, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், வேறொரு கம்பெனி பூட்டையே புதிதாகச் செய்துகொண்டிருந்தது.

ஊர், வட கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம். (நம் சேலத்துக்கும் இதற்கும் உறவில்லை. அமைதி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து கிறிஸ்தவக் குடியேறிகள் வைத்த பெயர்.) 1875-ல் ரிச்சர்ட் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அங்கே புகையிலைத் தொழிற்சாலை ஆரம்பித்தார். 1913-ல் கேமல் சிகரெட் வந்தது. பின்னாளில் ஊர்ப் பெயரையே இரண்டாகப் பிளந்து வின்ஸ்டன் என்று ஒரு சிகரெட், சேலம் என்று ஒரு சிகரெட். ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று அங்கிருப்பவர்களுக்கே தெரியாது.

1981-ல் அமெரிக்காவில் சிகரெட் விற்பனை உச்சியைத் தொட்டது. ஒரே வருடத்தில் சுமார் 64,000 கோடி சிகரெட். அதற்கப்புறம் இறக்கம்தான். 1983-ல் இன்னொரு இடி. இத்தனை காலம் முதலிடத்தில் இருந்த ரெனால்ட்ஸை, மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்தின் குதிரைக்காரனை வைத்து போட்டிக் கம்பெனி பிலிப் மாரிஸ் முந்திவிட்டது. இருமல், புற்றுநோய், வழக்கு, அரசாங்க எச்சரிக்கை, வீட்டுக்குள் புகைக்காதே என்று முகம் சுளிக்கும் மனைவி, எல்லாமாகச் சேர்ந்து தொழிலின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

இந்தச் சமயத்தில்தான் ரெனால்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு ரகசியத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர், ஸ்பா.

ரகசியம் என்றால் சாதாரண ரகசியம் இல்லை. கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கே தெரியாது. தலைமை நிர்வாகி டைலி வில்சன் பல கோடி டாலரை இதில் கொட்டிவிட்டு, 1986-ல்தான் சாவகாசமாக இயக்குநர்களிடம் விஷயத்தைச் சொன்னார். எங்களைக் கேட்காமலா இத்தனை செலவு என்று அவர்களுக்குக் கோபம். ஏற்கெனவே அவர் மீது கசப்பு இருந்தது, இது சேர்ந்துகொண்டது. வில்சன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1987 தொடக்கத்தில் அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ராஸ் ஜான்சன்.

ஜான்சன் புகையிலை ஆசாமி இல்லை. பிஸ்கட் ஆசாமி. 1985-ல் ஓரியோ பிஸ்கட் செய்யும் நபிஸ்கோவை ரெனால்ட்ஸ் விலைக்கு வாங்கியபோது, பிஸ்கட்டோடு சேர்ந்து வந்தவர். வாங்கப்பட்டவர் வாங்கியவர்களின் தலைமேல் ஏறி உட்கார்ந்த கதை அது. ஆள் உற்சாகமானவர், செலவாளி. கம்பெனி விமானங்கள் ஒரு சிறு நாட்டின் விமானப்படை அளவுக்கு இருந்தன. அவருடைய நாயை ஒருமுறை கம்பெனி ஜெட்டில் ஏற்றி அனுப்பியபோது, பயணிகள் பட்டியலில் அதன் பெயர் ஜி. ஷெப்பர்ட். ஜெர்மன் ஷெப்பர்ட் என்பதன் சுருக்கம்!

அப்படிப்பட்டவர் மேஜைக்குத்தான் ஸ்பா வந்து சேர்ந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

வெளியிலிருந்து பார்த்தால் சிகரெட்டேதான். வெள்ளைக் காகிதம், ஒரு பக்கம் ஃபில்டர். மறுமுனையை உற்றுப் பார்த்தால் புகையிலைத் தூள் தெரியாது. கறுப்பாக ஒரு சின்னக் கரித்துண்டு தெரியும். பற்றவைப்பது அதைத்தான். கரி கனலும். இழுக்கும்போது அந்தக் கனலைத் தாண்டி வரும் சூடான காற்று, உள்ளே இருக்கும் ஒரு அலுமினியக் குப்பிக்குள் நுழையும். குப்பி நிறைய மணிமணியாக உருண்டைகள். அவற்றின் மேல் புகையிலைச் சாறு, கிளிசரின், வாசனைச் சரக்குகள் பூசியிருக்கும். சூடு பட்டதும் அவை ஆவியாகும். கிளிசரின் ஆவி குளிர்ந்து வெண்மேகமாக வாய்க்குள் வரும். பார்ப்பவருக்குப் புகை மாதிரித் தெரியும்.

நம் வீட்டில் சாம்பிராணி போடுகிறோமே, தூபக்காலில் கனலும் கரி, அதன் மேல் பொடி. அந்த யோசனையை ஒரு சிகரெட் பருமனுக்குள் சுருட்டி அடைத்திருந்தார்கள். ஹுக்காவிலும் இதே கதைதான், மேலே கரி, கீழே புகையிலை. பெரிய கண்டுபிடிப்பு என்று அவர்கள் மார்தட்டியதில் பாதி நம் பாட்டன்மாருக்கே தெரிந்த விஷயம். மீதிப் பாதி நிஜமாகவே கெட்டிக்காரத்தனம்.

ஏன் இவ்வளவு பாடு? சாதாரண சிகரெட்டின் நுனியில், இழுக்கும் நேரத்தில் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். இலை எரியும்போது ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் பிறக்கின்றன. தார் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது அந்தக் கூட்டம்தான். புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் பெரும்பங்கு அதில் அடக்கம். எரிக்காமல் சூடு மட்டும் காட்டினால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது. இதுதான் கணக்கு. இன்று டோக்கியோவில் அலுவலகம் விட்டு வருகிறவர் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் ஐகோஸ் கருவிக்கும் இதே கணக்குதான் அடிப்படை. கரிக்குப் பதில் பேட்டரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை. கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். இதயத்துக்கு ஆகாத வாயு. அது குறையவில்லை. நிகோடினும் அப்படியே இருந்தது, இருக்கவேண்டும் என்று வைத்ததே அவர்கள்தானே.

1987 செப்டம்பர் 14. நியூயார்க்கில் பத்திரிகையாளர் கூட்டம். புகையிலையைச் சூடாக்கும், எரிக்காத சிகரெட் ஒன்றைச் செய்திருக்கிறோம் என்று ரெனால்ட்ஸ் அறிவித்தது. பெயர்கூட வைத்திருக்கவில்லை. இன்னும் தயாராகாத பொருளை எதற்கு இவ்வளவு அவசரமாக மேடையேற்றவேண்டும்? ஜான்சனின் கண் ஆய்வுக்கூடத்தின் மேல் இல்லை, பங்குச் சந்தையின் மேல் இருந்தது. செய்தி வெளியானால் பங்கு விலை ஏறும் என்று நம்பினார்.

பெரிதாக ஏறவில்லை. ஐந்து வாரம் கழித்து, 1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை, வால் ஸ்ட்ரீட்டே சரிந்து விழுந்தது. கறுப்புத் திங்கள் என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற நாள். ரெனால்ட்ஸ் பங்கு நாற்பது டாலர் சொச்சத்துக்கு வந்து நின்றது. அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 19. இன்னொரு முறை வரும்.

இதற்கிடையில் டாக்டர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் கேட்டது எளிய கேள்வி. புகையிலையைக் கொளுத்துவதில்லை என்கிறீர்கள். சாறு எடுத்து, உருண்டையில் பூசி, குப்பியில் அடைத்து, சூடாக்கி, அளவாக நிகோடின் தருகிறீர்கள். இது சிகரெட்டா, மருந்து செலுத்தும் சாதனமா? மருந்து என்றால் எஃப்.டி.ஏ., அதாவது உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அனுமதி தரும்வரை விற்கக்கூடாது. மனு போட்டார்கள். இருபது வருடம் முன்னால் ஏரியலைப் பூட்டவைத்த அதே பயம், இப்போது காகிதத்தில் எழுதி முத்திரை குத்தி வாசலில் வந்து நின்றது.

1988 மே மாதம் அரசின் தலைமை மருத்துவர் எவரெட் கூப் தன் அறிக்கையை வெளியிட்டார். ஹெராயின், கொக்கெயின் எப்படி அடிமைப்படுத்துமோ, நிகோடினும் அப்படியே அடிமைப்படுத்தும் என்றது அறிக்கை. அடுத்த மாதம், நியூஜெர்சி நீதிமன்றத்தில் ரோஸ் சிப்பொலோன் வழக்கில் தீர்ப்பு. நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோன அந்தப் பெண்ணின் கணவருக்கு லிகெட் கம்பெனி 4 லட்சம் டாலர் தரவேண்டும் என்றார்கள் ஜூரிகள். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை என்பது வேறு விஷயம். சிகரெட் கம்பெனி ஒன்று நஷ்ட ஈடு கட்டவேண்டும் என்று ஜூரி சொன்னது அதுவே முதல் தடவை. ஆபத்துக் குறைந்த சிகரெட் ஒன்றை லிகெட் செய்து பார்த்துவிட்டு, வக்கீல்கள் பேச்சைக் கேட்டு மறைத்துவிட்டது என்ற சாட்சியமும் அந்த வழக்கில் வந்தது.

இப்போது ரெனால்ட்ஸ் விளம்பர ஆட்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கையில் ஒரு புதுச் சிகரெட். அதை ஒருவன் ஏன் வாங்கவேண்டும்? ஆபத்துக் குறைவு என்பதால். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. சொன்னால், அப்படியென்றால் கேமல் ஆபத்தா என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நிற்பார். ஆரோக்கியம் என்ற சொல்லைத் தொட்டால் எஃப்.டி.ஏ. பிடித்துக்கொள்ளும். வாயைத் திறந்தாலும் வம்பு, மூடினாலும் வியாபாரம் இல்லை. கடைசியில் தேடிப்பிடித்த வார்த்தை, சுத்தம். சுத்தமான புகை. எதற்குச் சுத்தம், யாருக்குச் சுத்தம் என்று சொல்லவில்லை. தரை விரிப்பில் சாம்பல் விழாது என்று எடுத்துக்கொண்டாலும் சரி, நுரையீரல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, உங்கள் பாடு.

வேடிக்கை என்னவென்றால், விஞ்ஞானிகளுக்காக எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்றையும் கம்பெனி அச்சிட்டது. இந்த ரசாயனம் இவ்வளவு குறைவு, அந்த ரசாயனம் அவ்வளவு குறைவு என்று பட்டியல் பட்டியலாக. சிகரெட்டால் நோய் வரும் என்று ஒப்புக்கொள்ளாத கம்பெனி, எதைக் குறைத்தோம் என்று எழுநூறு பக்கம் எழுதியிருந்தது!

1988 அக்டோபர். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ், அரிசோனாவின் ஃபீனிக்ஸ், டூசான். மூன்று நகரங்களில் சோதனை விற்பனை. பெயர் வைத்தாகிவிட்டது, பிரீமியர். விலை சாதாரண சிகரெட்டைவிட அதிகம். பாக்கெட்டோடு எப்படிப் புகைக்கவேண்டும் என்று விளக்கும் தாளும் உண்டு.

முப்பது வருடமாகத் தம் அடிக்கிறவன் கையில் சிகரெட் பிடிப்பது எப்படி என்று பாடப்புத்தகம் கொடுத்தால் என்ன செய்வான்? தூக்கிப் போட்டுவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தான். அங்கேதான் வினை. கரி சாமான்யத்தில் பற்றாது. நல்ல வாயு லைட்டர் வேண்டும், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். தீக்குச்சி மருந்தில் இருக்கும் கந்தகம் கரியோடு சேர்ந்தால், வருகிற வாடையில் பக்கத்து மேஜைக்காரன் எழுந்து போவான்.

சரி, ஒரு வழியாகப் பற்றவைத்தாயிற்று. இழுத்தால் வரவில்லை. கன்னம் உள்ளே ஒட்டும் அளவுக்கு உறிஞ்சவேண்டும். கம்பெனிக்குள்ளேயே இதற்குக் குடலிறக்க விளைவு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் ஹெர்னியா வந்துவிடும் என்ற அர்த்தத்தில். கம்பெனியின் சொந்தச் சோதனைகளில் சுவை பிடித்தது என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை. ஜப்பானில் கொடுத்துப் பார்த்ததில் வந்த விமர்சனத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. இவையெல்லாம் கற்பனை இல்லை. பிரையன் பர்ரோ, ஜான் ஹெல்யார் என்ற இரு நிருபர்கள் எழுதிய 'பார்பேரியன்ஸ் அட் த கேட்' புத்தகத்தில் விலாவாரியாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று. பிரீமியர் குறையவே குறையாது. சிகரெட் என்பது ஒரு கடிகாரமும்தான். அது விரலை நோக்கிக் குறைந்துகொண்டே வரும். சாம்பலைத் தட்டலாம், தட்டுவதற்காக நடுவில் பேச்சை நிறுத்தலாம், கடைசித் தம் என்று ஒன்று உண்டு. டீக்கடை வாசலில் அரைச் சிகரெட்டை நண்பனிடம் நீட்டுகிறவனுக்கு இது புரியும். பிரீமியர் பற்றவைத்தபோது எவ்வளவு நீளமோ, கரி அணைந்தபோதும் அவ்வளவு நீளம். சாம்பல் இல்லை. முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று கையில் பிடித்துக்கொண்டு விழிக்கவேண்டும். ஆய்வுக்கூடத்து ஆட்கள் நிகோடினை அளந்தார்கள், தாரை அளந்தார்கள். இந்தச் சடங்கை அளக்க அவர்களிடம் கருவி இல்லை.

செயின்ட் லூயிஸில் ஆர்வத்துக்கு ஒரு பாக்கெட் வாங்கியவர்கள் இரண்டாவது பாக்கெட்டுக்கு வரவில்லை.

இனி அந்தத் தேதி. 1988 அக்டோபர் 19. கறுப்புத் திங்களுக்குச் சரியாக ஒரு வருடம். பிரீமியர் கடைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அட்லாண்டாவில் இயக்குநர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ராஸ் ஜான்சன் ஒரு யோசனையைச் சொன்னார். பங்கு விலை அப்போது 56 டாலருக்குப் பக்கம். அதிசயச் சிகரெட் அறிவித்தும் ஏறாத விலை. இனி இந்தச் சந்தையை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நானே கடன் வாங்கி இந்தக் கம்பெனியை வாங்கிவிடுகிறேன், பங்குக்கு 75 டாலர் தருகிறேன். மொத்தம் சுமார் 1,700 கோடி டாலர்.

இயக்குநர்கள் மயங்கி விழாத குறை. மறுநாள் செய்தி வெளியே வந்ததும் வால் ஸ்ட்ரீட்டின் பணமுதலைகள் எல்லாம் வரிசைகட்டின. கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் 90 டாலர் என்றது. ஜான்சன் ஏற்றினார். அவர்கள் ஏற்றினார்கள். ஆறு வாரம் ஏலம். நவம்பர் 30-ம் தேதி இரவு கே.கே.ஆர். 109 டாலருக்கு வென்றது. சுமார் 2,500 கோடி டாலர், அதுவரை உலகம் கண்ட கம்பெனி விற்பனைகளிலேயே பெரியது. ஜான்சன் கோடிக்கணக்கான டாலரோடு வெளியே போனார். 1993-ல் இதைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார்கள், ஜான்சனாக ஜேம்ஸ் கார்னர் நடித்தார்.

வென்றவர்கள் தலையில் இப்போது மலை அளவு கடன். வட்டி கட்ட ஒவ்வொரு டாலராகத் தேடினார்கள். தேடும்போது கண்ணில் பட்டது பிரீமியர்.

அதே நேரத்தில் கடைசி ஆணியும் விழுந்தது. அமெரிக்கப் போதைப்பொருள் ஆய்வுக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதினார்கள். பிரீமியரைச் சூடாக்கும் அடுப்பாகப் பயன்படுத்தி க்ராக் கொக்கெயினைப் புகைக்க முடிகிறது என்பது அதன் சாரம். மருந்து செலுத்தும் சாதனமா என்று டாக்டர்கள் கேட்டிருந்த கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று கம்பெனி எதிர்பார்த்திருக்காது.

1989 பிப்ரவரி 28. பிரீமியரைத் திரும்பப் பெறுகிறோம் என்று ரெனால்ட்ஸ் அறிவித்தது. கடையில் இருந்தது ஐந்து மாதம்கூட இல்லை. கரைந்தது 30 கோடி டாலருக்கு மேல் என்பது அன்றைய பத்திரிகைகளின் கணக்கு. மருந்தா, சிகரெட்டா என்ற கேள்விக்கு எஃப்.டி.ஏ. கடைசிவரை பதில் சொல்லவே இல்லை. பொருளே போய்விட்டதால் மனுவும் காலாவதி.

இங்கே ஒன்று சொல்லவேண்டும், பின்னால் மறந்துவிடுவேன். இப்படித் தோற்று ஓடிய ரெனால்ட்ஸ், 2021-ல் தன் போட்டியாளரின் ஐகோஸ் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகாமல் காப்புரிமை வழக்குப் போட்டுத் தடுத்தது, அதுவும் ஏரியலைப் பூட்டிய பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் குடும்பத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகு. அந்தக் கூத்துக்கு இன்னும் பல வாரம் இருக்கிறது. நம் நாட்டில் 2019-ல் இந்தக் கருவிகள் அத்தனைக்கும் விழுந்த தடையும் அதற்கு முன்னால் வரும்.

இப்போதைக்கு, வின்ஸ்டன்-சேலத்தில் விளக்கை அணைத்துவிட்டு வடக்கே போவோம். விர்ஜீனியா மாநிலம், ரிச்மண்ட். பிலிப் மாரிஸின் ஆராய்ச்சிக் கூடம். ரெனால்ட்ஸ் சறுக்கி விழுந்த ஒவ்வொரு படியையும் அங்கே கவனமாகக் குறித்துக்கொண்டிருந்தார்கள். கரி வேண்டாம், தீக்குச்சியே வேண்டாம், மின்சாரம் போதும் என்று முடிவு செய்தார்கள்.

1998-ல் அந்த மின்சாரச் சாதனம் ரிச்மண்ட் கடைகளுக்கு வந்தது. கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, விலை 40 டாலர். சிகரெட்டை அதற்குள் செருகி, பெட்டியை வாயில் வைத்து இழுக்கவேண்டும். ஒரு சிகரெட்டுக்கு எட்டு இழுப்பு. ஒன்பதாவது கிடையாது.

(தொடரும்)